மூடாத வாளியில் லுங்கெமூஸ்

"குடல் கழுவவோ பிள்ளை இவ்வளவு படிச்சு நோர்வேக்கு வந்தனீர்?"

சிவமலர் அக்கா இப்படிக் கேட்டது எங்கள் அடுக்குமாடியின் அடித்தளத்தில் இருக்கும் பொதுச் சலவை அறையில். அவருடைய துணிகள் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. என்னுடையவை கூடையில் முறைக்குக் காத்திருந்தன. "குடல் இல்லக்கா, நுரையீரல்" என்று திருத்தினேன். "எல்லாம் ஒண்டுதான். லோறென்ஸ்கூக்கில வீடு வாங்கின சனம் ஒண்டு இருக்கு, நல்ல பெடியன், உம்மைப் பற்றிக் கதைச்சு வைச்சிருக்கிறன். நாளைக்கு அவை வந்து பாக்கேக்கை நீர் வாளியோட நிக்கப்போறீர்" என்றார். அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். சிரித்தாலும் அந்தக் கேள்வி என்னோடு படியேறி நான்காம் மாடிவரை வந்தது. அதற்கு அன்று என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதிலைச் சொல்லச் சலவை அறையைவிடப் பெரிய இடம் வேண்டும் என்று தோன்றியது.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் யாரும் யாரிடமும் "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்பதில்லை. மென்பொருள் நிறுவனம் ஒன்று என்னை மதுரையிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து ஒஸ்லோவுக்கும் அனுப்பி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அலுவலகத்தில் வானிலையைக் கேட்டார்கள், வார இறுதியில் காட்டுக்குள் நடந்தாயா என்று கேட்டார்கள். என் வீட்டாரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதை மரியாதை என்று எனக்கு விளக்கினார்கள். நம் ஊரில் ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் பெயர் கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். பல பேருக்கு அது முள். எனக்கு அப்படி இல்லை. பள்ளியில், கல்லூரியில், வேலைக்கான நேர்காணலில், எங்கே கேட்டாலும் தலை நிமிர்ந்து சொல்வேன்: "அம்மா ஆட்டுத்தொட்டியில் குடல் கழுவுகிறார். அப்பா அதைத் தள்ளுவண்டியில் வறுத்து விற்கிறார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்." கேட்டவர் முகம் மாறும். மாறட்டும் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒஸ்லோவில் அந்தப் பெருமையைச் சொல்ல வழியே இல்லாமல் போயிற்று. யாராவது கேட்டால்தானே சொல்ல முடியும்?

கேட்ட ஒரே ஆள் சிவமலர் அக்காதான். நான் ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே, "ஊரில அப்பா என்ன செய்யிறவர்?" என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு, "சரி, உதை எல்லா இடமும் சொல்லிக்கொண்டு திரியாதையும்" என்றார். அடுத்த மாதம் கோயிலில் ஒருவர் என்னிடம், "உங்கட அப்பா மதுரையில பெரிய சாப்பாட்டுக்கடை வைச்சிருக்கிறாராமே" என்று விசாரித்தார். யார் வேலை என்று எனக்குத் தெரியும். அக்கா கெட்டவர் இல்லை. எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, வடக்கே பனிக்கடல் ஓரத்தில் மீன் தொழிற்சாலையில் ஆண்டுக்கணக்காகக் காட் மீனின் நாக்கை வெட்டியவர். இப்போது குழந்தைகள் பள்ளியில் வேலை. நான் காய்ச்சலில் படுத்தால் ரசம் வைத்துக்கொண்டு வருகிறவர் அவர் ஒருவர்தான். எனக்கு ஒரு நல்ல வாழ்க்கை அமைத்துக் கொடுக்க வேண்டும், அதற்கு என் அப்பாவின் தள்ளுவண்டிக்கு நான்கு சுவரும் ஒரு பெயர்ப் பலகையும் வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

வாளிக் கதை இப்படித் தொடங்கியது. எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டிய எங்கள் குடியிருப்புக்கு முப்பத்தைந்து ஆண்டு நிறைவதை ஒட்டி, அதன் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து வைப்பதாக ஏற்பாடு. நோர்வேயில் இப்படிப்பட்ட காரியங்களைக் கூலி இல்லாமல் எல்லோரும் சேர்ந்து செய்வார்கள். டூக்னாட் என்று அதற்குப் பெயர். விழாக் குழுவுக்கு ஆள் தேவை என்று நுழைவாயிலில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து, நோர்வேஜியன் பேசிப் பழகலாம் என்று போனேன். குழுவின் தலைவி பெரித், எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருப்பவர், ஓய்வுபெற்ற தபால்காரி. அவரோடு ஆர்னெ என்ற முன்னாள் டிராம் ஓட்டுநரும் இன்னும் சிலரும் இருந்தார்கள். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். இந்தக் கட்டடங்கள் எழுந்தபோது நகரத்தின் கிழக்குப் பகுதியிலிருந்த பழைய மரவீடுகளையும், முற்றத்தில் கழிப்பறை இருந்த வாடகைக் குடியிருப்புகளையும் விட்டு இங்கே வந்தவர்கள். அவர்களும் ஒரு விதத்தில் குடிபெயர்ந்தவர்கள்தான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவில்லை.

விருந்துக்கு என்ன சமைப்பது என்ற பேச்சு வந்தது. யாரோ பீட்சா என்றார்கள். பெரித் முகத்தைச் சுளித்தார். "நாம் பிறந்த ஒஸ்லோவில் பீட்சா இருந்ததா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அறையே மாறிப்போனது. இரண்டு ஆண்டுகளாக நான் கண்ட நோர்வேக்காரர்கள் ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பவர்கள். அன்று ஒருவரை ஒருவர் பேசவிடாமல் பேசினார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது உப்புநீரில் ஊறவைத்து விற்ற பன்றிக்கால்கள், ஸுல்தெலாப்பர் என்றார்கள், விரலை நக்கிக்கொண்டே தின்ன வேண்டுமாம். மாட்டிறைச்சி வாங்க முடியாதவர்களுக்குத் திமிங்கில இறைச்சி. காய்ந்த ரொட்டியைப் பீரில் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி. வாரத்தில் பாதி நாள் உப்பு ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக லுங்கெமூஸ்: ஆட்டின் நுரையீரலையும் இருதயத்தையும் வேகவைத்து, அரைத்து, கொழுப்பும் வெங்காயமும் மசாலாவும் சேர்த்துக் கிண்டிய மசியல். அதன் பெயரைச் சொன்னபோது ஆர்னெ கண்ணை மூடிக்கொண்டார்.

ஆர்னெதான் பள்ளிக்கூடத்துக் காலை உணவையும் சொன்னார். முப்பதுகளில் ஒஸ்லோ நகரம் தன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்ததாம்: பால், முரட்டு ரொட்டி, பழுப்பு நிற ஆட்டுப்பாலடை, பச்சைக் கேரட், ஒரு கரண்டி மீனெண்ணெய். "மீனெண்ணெய்க்குப் பயந்து வீட்டிலேயே நின்றுவிட நினைப்பேன். ரொட்டிக்காகப் போய்விடுவேன்" என்றார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். மதுரையில் என் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது எழுத்துக்காக இல்லை, சத்துணவுக்காக. தொட்டிக்கு என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, பள்ளியில் விட்டால் மதியம் சோறும் முட்டையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். எழுத்து கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு தட்டுச் சோற்றில் தொடங்கி நான் பொறியாளர் ஆனேன் என்றால், ஆர்னெ ஒரு கரண்டி மீனெண்ணெயில் தொடங்கி டிராம் ஓட்டுநர் ஆனார். என் அரைகுறை நோர்வேஜியனில் இதைச் சொல்ல முயன்றேன். அவர்களுக்கு முட்டை மட்டும் புரிந்தது. "உனக்கு முட்டை வேண்டுமா?" என்று பெரித் அக்கறையாகக் கேட்டார்.

லுங்கெமூஸ்தான் வேண்டும் என்று எல்லோரும் ஒருமனதாக ஏங்கினார்கள். முடியாது என்றும் ஒருமனதாகச் சொன்னார்கள். கடையில் பொட்டலமாக விற்பது அட்டையைத் தின்பது போல இருக்குமாம். வீட்டில் செய்யத் தெரிந்தவர்கள் அவர்களுடைய அம்மாக்கள். அவர்கள் போய்ப் பல காலம் ஆயிற்று. நுரையீரலை எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பெரித் ஒன்று சொன்னார். அவருடைய அம்மா இறைச்சிக்கூடத்திலிருந்து நுரையீரலை வாளியில் வாங்கிவருவாராம். மேலே செய்தித்தாளைப் போட்டு மூடிக்கொண்டுதான் படியேறுவாராம், அண்டை வீட்டுக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது என்று. "வேடிக்கை என்ன தெரியுமா? அண்டை வீட்டு அம்மாவும் அதே வாளியை அதே செய்தித்தாளால் மூடிக்கொண்டு ஏறுவாள். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நான், "நான் செய்கிறேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. ஆர்னெ என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கணினி வேலை செய்கிற பெண் அல்லவா?" என்றார். ஆமாம் என்றேன். "இந்தியர்கள் காய்கறி மட்டும்தானே சாப்பிடுவீர்கள்?" என்று இன்னொருவர் கேட்டார். அப்பாவின் தள்ளுவண்டி நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். பெரித் மட்டும் மேசையைத் தட்டி, "அப்படியானால் சரி. பீட்சா இல்லை" என்றார். ஆர்னெ, "அவள் செய்வாளா என்பது கேள்வி இல்லை பெரித். நம் அம்மாவின் சாப்பாடு மாதிரி இருக்குமா என்பதுதான் கேள்வி" என்றார். நோர்வேக்காரர் ஒருவர் இவ்வளவு நேராகப் பேசியது எனக்குப் பிடித்துப்போனது. கேள்வி அதுதான். அந்தக் கூடத்தில் அவர்கள் தின்னப்போவது என் கைச் சமையல் என்றால், அது யாருடைய கை என்று ஒருவராவது கேட்க மாட்டார்களா? எனக்கு அது போதும். அந்தக் கேள்விக்காக நான் ஒரு வாளி என்ன, ஒரு டிராம் நிறைய நுரையீரலைக் கழுவுவேன்.

செப்டம்பர் மாதம், மலையில் மேய்ந்த ஆடுகள் இறங்கிவரும் காலம். குரொன்லாந்தில் ஒரு பாகிஸ்தானியரின் இறைச்சிக் கடையில் நுரையீரலுக்குச் சொல்லிவைத்தேன். "எத்தனை நாய் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார் கடைக்காரர். "நாய்க்கு இல்லை பாய், வயதான நோர்வேக்காரர்களுக்கு" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே இருந்த தம்பியை அழைத்து, என்னை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இருவரும் சிரித்து முடித்து, மூச்சுக்குழல் அறுபடாமல் முழுதாக எடுத்துக் கொடுத்தார்கள். அதைத்தான் நான் வலியுறுத்திக் கேட்டிருந்தேன். பக்கத்துக் கடையில் ஒரு பெரிய நீல வாளி வாங்கி அதில் போட்டுக்கொண்டேன். மூடி வேண்டுமா என்று இறைச்சிக் கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

டீ-பானெ என்கிற சுரங்க ரயிலில் அந்த வாளியோடு ஏறியது என் ஒஸ்லோ வாழ்வின் மகத்தான பயணம். சனிக்கிழமைக் காலை, நல்ல கூட்டம். இளஞ்சிவப்பாக நுரையீரல்கள் வாளியின் விளிம்புக்கு மேலே பொங்கி நின்றன. ஒரு மூச்சுக்குழல் எட்டிப் பார்த்தது. மதுரை நகரப் பேருந்தாக இருந்தால் அதற்குள் நான்கு பேர் கிலோ என்ன விலை என்று கேட்டிருப்பார்கள், ஒரு பாட்டி எனக்கு இஞ்சி தட்டிப்போடச் சொல்லியிருப்பார். இங்கே ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சுரங்கத்துக்குள் ஜன்னலில் இருட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. அதையும் கவனமாகப் பார்த்தார்கள். என்னைச் சுற்றி ஆறு இருக்கைகள் காலியாகக் கிடந்தன. வந்த நாளிலிருந்து அவ்வளவு வசதியாக நான் பயணம் செய்ததில்லை.

நிலையத்திலிருந்து ஏறும் பாதையில் சிவமலர் அக்கா எதிரே வந்தார். தூரத்திலேயே பார்த்துவிட்டார். கழுத்தில் கிடந்த சால்வையை உருவிக்கொண்டு ஓடிவந்தார். "ஐயோ, மூடும் பிள்ளை, மூடும்! உங்கை எங்கட ஆக்கள் எல்லாம் போகினம்!" பாதையில் எங்களைத் தவிர ஒரு நோர்வேக்காரரும் அவருடைய நாயும்தான் இருந்தார்கள். அந்த நாய்க்கு மட்டும் என் வாளியில் உண்மையான ஈடுபாடு இருந்தது. "விடுங்கக்கா, நல்ல சால்வை, நாறிப்போகும்" என்றேன். "சால்வை கிடக்கட்டும், மானம் போகுது." "அக்கா, எங்கம்மா இதைத் தலையில் வைத்துக் கீழமாசி வீதி முழுக்க நடந்திருக்காங்க. ஒரு நாளும் மூடியதில்லை. மூடினா வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்?" அக்கா சால்வையை மறுபடி கழுத்தில் சுற்றிக்கொண்டார். பிறகு, "இண்டைக்குப் பின்னேரம் எனக்குக் கோப்பி ஊத்துற டூக்னாட். வருவன். ஆனா நான் விரதம், சொல்லிப்போட்டன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். சனிக்கிழமையில் அவர் விரதம் இருந்து நான் பார்த்ததில்லை.

கூடத்துச் சமையலறையில் பெரித் ஏப்ரனோடு காத்திருந்தார். நான் மூச்சுக்குழலைக் குழாயில் பொருத்தித் தண்ணீரைத் திறந்தேன். நுரையீரல் மெல்ல ஊதிப் பெருத்தது. பிழிந்தேன், இரத்தநீர் போயிற்று. மறுபடி ஊதியது, மறுபடி பிழிந்தேன். இளஞ்சிவப்பு வெளுத்து வெண்மையாகும்வரை இதுதான் வேலை. சிறு வயதில் அது எனக்குப் பலூன். அம்மா கழுவக் கொடுத்தால் நான் வாயால் ஊதி விளையாடி அடி வாங்குவேன். அம்மாவின் விரல்கள் ஆண்டு முழுதும் சுண்ணாம்பிலும் வெந்நீரிலும் ஊறி, ரேகை அழிந்து வழுவழுவென்று இருக்கும். அந்த விரல்களில் மை தடவி என் கல்லூரி விடுதிப் படிவத்தில் வைத்தபோது, எழுத்தர் மூன்று முறை வைக்கச் சொன்னார். மூன்று முறையும் வெறும் வட்டம்தான் விழுந்தது. "இதுதான் எங்கம்மா கையெழுத்து" என்று சொல்லி வாங்க வைத்தேன்.

பெரிய பானையில் நுரையீரல்களை இறக்கி, மூச்சுக்குழல்களைப் பானையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கீழே ஒரு கிண்ணம் வைத்தேன். கொதி வந்ததும் நுரை முழுவதும் குழல் வழியாக வெளியேறிக் கிண்ணத்தில் விழுந்தது. பானை தெளிவாக இருந்தது. பெரித் திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அந்தக் கிண்ணம்," என்றார். "அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணம் இருக்கும். ஏன் என்று எனக்கு மறந்தே போயிருந்தது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, உடனே வெங்காயத்தின் மேல் பழி போட்டார். வெங்காயம் இன்னும் உரிக்கவே இல்லை. மசாலாவில்தான் சண்டை வந்தது. கிராம்பும், அல்லெஹொண்டெ என்று மிளகு மாதிரி இருக்கும் ஒரு காயும் போதும் என்றார் பெரித். நாற்காலி அடுக்க வந்த ஆர்னெ, சுக்குப் போடாவிட்டால் அது லுங்கெமூஸே இல்லை என்றார். குடல் குழம்பில் சோம்பு போடலாமா கூடாதா என்று என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு தீபாவளி முழுக்கப் பேசாமல் இருந்தது நினைவுக்கு வந்தது. நான் இரண்டையும் போட்டேன். யாரும் பார்க்காதபோது நம் மிளகையும் கொஞ்சம் தட்டிப் போட்டேன்.

மாலை கூடம் நிறைந்தது. நோர்வே வழக்கப்படி உணவை ஒரு மேசையில் வைத்துவிட்டால் அவரவர் வரிசையில் வந்து எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. முதன்முதலாக என் அம்மாவின் சமையல் ஒரு கூடத்தில் பந்தியாக நடக்கிறது, நானே பரிமாறுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாத்திரமும் கரண்டியுமாக இறங்கினேன். வேகவைத்த உருளைக்கிழங்கு, தட்டை ரொட்டி, அதன் பக்கத்தில் ஆவி பறக்க லுங்கெமூஸ். எல்லோரும் தின்னத் தொடங்கினார்கள். கூடம் அமைதியானது.

அந்த அமைதியில் நான் செத்துப்போனேன். எங்கள் தள்ளுவண்டியைச் சுற்றி எப்போதும் சத்தம்தான்: "இன்னொரு தட்டு", "காரம் பத்தல", "என்ன அண்ணாச்சி இன்னைக்கு ஈரல் கம்மி". சத்தம் இல்லையென்றால் வியாபாரம் இல்லை. இங்கே முள்கரண்டிச் சத்தம் மட்டும். யாரும் நிமிரவில்லை. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். அப்போது ஆர்னெயின் தட்டைப் பார்த்தேன்: துடைத்தாற்போல் காலி. உயிர் வந்தது. ஓடிப்போய் இரண்டு கரண்டி போட்டேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையாட்டிவிட்டுத் தின்றார். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி காலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுபடி போட்டேன். மேசை மேசையாக இதே கதை: போடப் போடக் காலியாகிறது, காலியாக ஆகப் போடுகிறேன். நான்காம் முறை ஆர்னெயிடம் போனபோது அவர் முகம் நன்றாகச் சிவந்திருந்தது, இடுப்புப் பட்டை தளர்ந்திருந்தது. ஆனாலும் தட்டு காலி.

யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். சிவமலர் அக்கா, கையில் கோப்பிக் குடுவையோடு. "என்ன பிள்ளை, அந்த மனுசனைக் கொல்லப்போறீரோ?" "அவர் கேக்குறாரேக்கா, தட்டு காலியா இருக்கே!" "உவையள் கோப்பையில மிச்சம் வைக்கக் கூடாது எண்டு அடிச்சு வளர்த்த சனம். போட்டால் முடிக்கத்தான் வேணும். நீர் போடப் போட அவர் பாவம் முடிச்சுக் கொண்டிருக்கிறார்." அக்கா ஊரில் சாப்பிடும் தட்டுக்குக் கோப்பை என்று பெயர். நான் திகைத்து நின்றேன். நம் ஊரில் போதும் என்றால் இலை மேல் கையை விரித்து மறைப்பார்கள், அல்லது இலையை மடிப்பார்கள். காலி இலை என்றால் இன்னும் பசி என்றுதான் பொருள். கூடம் முழுக்க எழுபது வயது மனிதர்கள் என் உபசரிப்பிலிருந்து தப்பிக்க வழி தெரியாமல், மரியாதைக்காகத் தின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள்.

நேராக ஆர்னெயிடம் போனேன். கரண்டியைத் தூக்கிக் காட்டி, "போதும் என்றால் இப்படி," என்று என் கையை அவர் தட்டின் மேல் விரித்தேன். "இதைச் செய்யும்வரை நான் நிறுத்த மாட்டேன். எங்கள் ஊர்ச் சட்டம்." ஆர்னெ இரண்டு கைகளையும் தட்டின் மேல் வைத்துக் கவிழ்ந்து படுத்தார். கூடம் வெடித்தது. அடுத்த மேசைக்குப் போனேன், படபடவென்று கைகள் விரிந்தன. ஒரு மூலையில் ஒரு மூதாட்டி கையை விரித்து, நான் திரும்பியதும் எடுத்துவிட்டு, மறுபடி கூப்பிட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அமைதி இல்லை. மிளகு அதிகம் என்று ஒருவர், சுக்கு போதாது என்று ஒருவர், தன் அம்மா உருளைக்கிழங்கைத் தனியாக மசிப்பாள் என்று ஒருவர். ஆர்னெ மூச்சு வாங்கிக்கொண்டு, "இக்கெ வாஷ்ட்" என்றார். மோசமில்லை என்று அர்த்தம். நோர்வேயில் அதற்கு மேல் புகழ்ச்சி கிடையாது என்று பெரித் சொன்னார். "ஆனால் என் அம்மாவுடையதில் மிளகு குறைவு" என்றும் ஆர்னெ சேர்த்துக்கொண்டார். தன் அம்மாவோடு ஒப்பிட்டுக் குறை சொல்லிவிட்டார். அந்தப் பழைய கேள்விக்கு அவரே பதிலும் சொன்ன மாதிரிதான்.

கோப்பிக்கு முன் பெரித் எழுந்து கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டினார். உணவுக்கு நன்றி சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, இரண்டு ஆண்டுகளாக நான் காத்திருந்த கேள்வியைக் கேட்டார்: "இதை யாரிடம் கற்றுக்கொண்டாய்?"

சுவரோரம் நின்ற சிவமலர் அக்காவைப் பார்த்தேன். குடுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் நோர்வேஜியனில், எளிய வாக்கியங்களாக, தப்பு வராத வாக்கியங்களாகச் சொன்னேன். "என் அம்மாவிடம். பெயர் பேச்சியம்மாள். மதுரை ஆட்டுத்தொட்டியில் அம்மா குடல் கழுவுகிறார். நுரையீரல் கழுவுகிறார். அப்பா அதைத் தெருவில் விற்கிறார். அவர்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. அவர்கள் கழுவிய குடலில் நான் படித்தேன். அம்மா வாளியை மூடுவதில்லை."

யாரும் கை தட்டவில்லை. அது அவர்கள் வழக்கம் இல்லை. பெரித் மட்டும் என் கடைசி வாக்கியத்தைக் கேட்டு, மெதுவாக, "மூடுவதில்லை," என்று திருப்பிச் சொன்னார். ஆர்னெ எழுந்து, தண்ணீர்க் குவளையைத் தூக்கி, "பேட்சியம்மாளுக்கு" என்றார். கூடமே எழுந்தது. நாற்காலிகள் தள்ளப்பட்ட சத்தத்துக்கு நடுவில், என் அம்மாவின் பெயரை ஆளுக்கொரு விதமாக உடைத்து நொறுக்கி உச்சரித்தார்கள். பேச்சியம்மாள் என்ற பெயர் அவ்வளவு அழகாக எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

பாத்திரம் கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார். கோபமாக இருக்கிறாரா என்று தெரியவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார். "கொஞ்சம் போடும். வீட்டில இருக்கிற மனுசனுக்கு." "நீங்க விரதமாச்சேக்கா." "அதுதான் சொல்லுறன், மனுசனுக்கு எண்டு." போட்டேன். டப்பாவை நீட்டியபடியே நின்றார், இன்னும் போட்டேன். "எங்கட வீட்டிலையும் ஆடு அடிச்சால் இரத்த வறைதான் முதல் முடியும்" என்று குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பிறகு, "அந்த லோறென்ஸ்கூக் சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார். "உள்ளதைச் சொல்லுங்கக்கா. பயந்து ஓடினா ஓடட்டும்." அக்கா டப்பாவை மூடினார். "ஓடுறவன் எனக்கும் வேண்டாம்" என்றார்.

மறுநாள் அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏத்தா, வெள்ளக்காரங்க நொரையீரல் திம்பாங்களா?" என்று மூன்று முறை கேட்டார். நான் வந்த நாளிலிருந்து இங்கே ஒரு முறை வந்து போகச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "அங்க வந்து சும்மா குந்திக்கிட்டு எதப் பாக்க? பனியவா?" என்பதுதான் எப்போதும் பதில்.  இந்த முறை அம்மா, "குழல வெளிய தொங்கப் போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன். "சுக்குப் போடணும்னு சொன்னாரே ஒரு பெரியவரு, அவரு சொன்னது சரிதான். ஆனா நீ கொஞ்சமாத்தான் போட்டிருப்ப. அங்க ஆளுக்குச் செஞ்சு காட்ட ஒருத்தி வேணும்" என்றார்.

அம்மாவின் கடவுச்சீட்டு வந்துவிட்டது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அந்த வழுவழுப்பான வட்டம் இருக்கிறது. விசாவும் கிடைத்துவிட்டது. வருகிற செப்டம்பருக்குக் கூடத்துச் சமையலறையைப் பெரித்திடம் சொல்லிப் பிடித்துவைத்துவிட்டேன். போன சனிக்கிழமை குரொன்லாந்துக்குப் போய்க் கடைக்காரரிடம் இந்த முறை இரண்டு வாளி நிறைய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பானை ஆர்னெக்கு, சுக்கும் கிராம்பும் போட்டு. ஒரு பானை எங்களுக்கு, மிளகும் சீரகமும் போட்டு. அதில் பாதி அக்காவின் டப்பாவுக்குப் போய்விடும் என்று தெரியும். ஒரே அடுப்பில் இரண்டு பானைகள் பக்கத்தில் பக்கத்தில் கொதிக்கும். இரண்டின் விளிம்பிலும் குழல்கள் வெளியே தொங்கும். நடுவில் ஒரு கிண்ணம். இரண்டும் அதற்குள்தான் மூச்சுவிடும்.

மூடி வேண்டுமா என்று கடைக்காரர் மறுபடி கேட்டார். இரண்டுக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.